சுண்ணாம்பு டப்பா

வேணுவின் சுண்ணாம்பு டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தான் ஆதிமூலம். வேணு நேற்றுதான் நிரப்பினான், இன்றைக்குப் பாதி காலி. வேறென்ன சாட்சி வேண்டும்?

செங்கம் ரோட்டில் ஹெல்காம்மா வீட்டில் வேணு சமையல், ஆதிமூலம் தோட்டம். எழுபத்தொன்றாம் வருஷம் ஜெர்மனியிலிருந்து அந்த அம்மா வந்து இறங்கிய நாள் முதல், பன்னிரண்டு வருஷ வேலை. எந்தச் சந்நிதியில் எப்படிக் கும்பிடுவது, எந்தக் கையில் திருநீறு வாங்குவது என்று அவருக்குக் கோயில் பழக்கமெல்லாம் சொல்லிக்கொடுத்ததே ஆதிமூலம்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருஷம் ஊருக்குப் போனவர் மூன்று ஆர்க்கிட் செடி கொண்டுவந்தார். மண்ணே கிடையாது. பக்கத்தில் ஓட்டை போட்ட தொட்டி, சுட்ட களிமண் உருண்டைகள், அடியில் இரண்டு விரல் தண்ணீர், அவ்வளவுதான். அதில் இரண்டு, வேர் அழுகிச் செத்துவிட்டன. மூன்றாவதும் போனால் பெங்களூரிலிருந்து வேறு தோட்டக்காரர் வருவார் என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆதிமூலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து ஐந்தாவது தடவையாகத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தான். வெள்ளிக்கிழமைதான் அழுகின வேரை வெட்டி, உருண்டைகளை அலசி, பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை ஊற்றினான். மூன்றே நாளில் மறுபடி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பச்சையாக இருந்த வேர்நுனி கருகிவிட்டது.

கிணற்றுத் தண்ணீராக இருந்தால் உப்பு என்று சொல்லலாம். மழைத்தண்ணீரில் ஏது உப்பு? இது எவனோ வேண்டுமென்றே செய்கிற வேலை. போன மாதம் குழம்பில் காரம் ஜாஸ்தி என்று அம்மாவிடம் வேணுவைப் பற்றி வத்தி வைத்தது இவன்தான். அந்தக் கடுப்பு வேணுவுக்கு இருக்காதா?

நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எம்மேல கோவம்னா என்னைக் கேளுடா. வாயில்லாத செடிக்கு ஏன்டா சுண்ணாம்பு வெக்கிற?"

அண்ணாமலையார்மேல் ஆணையாகத் தான் அந்தப் பக்கமே போவதில்லை என்றான் வேணு. வெற்றிலை போடுகிறவன் டப்பா காலியாகாமல் என்ன செய்யும் என்றும் கேட்டான். ஆதிமூலம் பிடியை விடவில்லை.

சத்தம் கேட்டு, அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பிய ஹெல்காம்மா உள்ளே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் பிரசாதப் பொட்டலம். ஆதிமூலம் தொட்டியைத் தூக்கிவந்து காட்டி எல்லாவற்றையும் ஒப்பித்தான். இவனை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் போகிறேன் என்று ஒரே பிடியாக நின்றான்.

அம்மா ஓர் உருண்டையை எடுத்து நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார்.

"வேணுவை விடுங்க. நான்தான் தினமும் ஊத்தறேன். இதாவது பொழைக்கணும்னு இப்பல்லாம் கொஞ்சம் ஜாஸ்தியாவே."

கையிலிருந்த பொட்டலத்தை மெல்லப் பிரித்துக் காட்டினார்.

"மிச்சத் திருநீறைக் கால் படற இடத்துல போடாதீங்க, செடி வேர்ல கரைச்சு ஊத்துங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, ஆதிமூலம்?"