எட்டு ஆணிகள்

"ஆறு... ஏழு... எட்டு! எட்டு ஆணி அடிச்சிருக்கே!"

ஆறுமுகநயினார் அறை அறையாகச் சுவரைக் காட்டி எண்ணினார். ராயபுரத்தில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய சொந்த வீடு. நாலு அறை. அறைக்கு இரண்டு ஆணி, நடுவில் கயிறு. கயிற்றில் சேலை, கைலி, குழந்தைத் துணி.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது, குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு ரயிலேறியவர் அவர். எட்டு மாதம் கழித்து, நிலவரம் பார்க்க இன்றுதான் தனியாக வந்திருந்தார்.

பின்கட்டில் வாடகைக்கு இருந்த ரஷீதுக்குத் துறைமுகத்தில் வேலை. அவன் ஊரைவிட்டு நகர முடியாது. அதனால் சாவிக்கொத்தை அவனிடம் கொடுத்திருந்தார்.

"சாவி கொடுத்தது வாரம் ஒருநாள் பெருக்கறதுக்கா, நாலு ரூமிலும் குடியேறுறதுக்கா?"

"அண்ணாச்சி, இன்னா நடந்துச்சின்னா..."

"பேசாதடே! ஆணி அடிக்கக் கூடாதுன்னு நீ குடி வரும்போதே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"சுவத்துல அடிச்சா என் நெஞ்சுல அடிச்ச மாதிரின்னு சொன்னேனா?"

"அதுவும் சொன்னீங்க. ஆனா அந்த ஆபீசரு..."

"உன் ஆபீசர் கதையைத் துறைமுகத்தோட வச்சுக்க. குடிக்கூலிக்காரனுக்கு வீடுன்னா வெறும் கூரை. சொந்தக்காரனுக்குத்தான்டே சுவரோட வலி தெரியும்!"

"அபாயச் சங்கு ஊதின அன்னிக்கே வலியோட ரயிலேறினது யாராம்?" என்று முணுமுணுத்தாள் ரஷீதின் மனைவி ஜீனத்.

அது நயினாரின் காதில் விழுந்தது. விழாத மாதிரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"எதிர்வீட்டைப் பாரு! அருள்பிரகாசம் புத்திசாலி, யாரையும் குடி வைக்காம பூட்டிட்டு ஊருக்குப் போனான். பூட்டின பூட்டு பூட்டினபடியே தொங்குது. அங்கே ஒரு ஆணி உண்டா? நீ எல்லாத்தையும் பிடுங்கிட்டு இப்பவே கிளம்பு!"

ரஷீது எட்டையும் பிடுங்கினான். வளைந்திருந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி, காகிதத்தில் பொட்டலம் கட்டி நயினாரின் கையில் கொடுத்தான்.

"கைக்கொழந்தையோட எங்க போறது?" என்றாள் ஜீனத்.

"எர்ணாவூர்ல மாமு வூட்ல ஒரு ஓரம் கேப்போம்."

கைவண்டியில் பாத்திரங்கள் ஏறின. அதைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலிருந்து ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். எதிர்வீட்டு அருள்பிரகாசமேதான்.

"நயினாரு! பின்கட்டு காலியா? எனக்கு வாடகைக்குக் குடுய்யா. மச்சான் வூட்டுத் தாழ்வாரத்துல எத்தினி நாளு படுத்துக்கினு கீறது?"

"உனக்கா? எதிர்த்தாப்புல சொந்த வீட்டை வச்சுக்கிட்டா?"

"எது என் வூடு? நல்லாப் பாரு, அது பட்டாளத்துப் பூட்டு. ஆளில்லாம பூட்டிக் கெடந்த வூட்டையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிச்சு. உள்ள மாவு மூட்டை அடுக்கி வச்சிக்கீறான். இந்த வரிசையில தப்பிச்சது உன் வூடு ஒண்ணுதான்."

"என் வீடு எப்படித் தப்பிச்சுது?"

"இவன் சொல்லலியா? மாசாமாசம் ஒரு ஆபீசரு வந்து, குடி கீதான்னு ரூம் ரூமா எட்டிப் பாப்பான். எல்லா ரூம்லயும் துணி காயும். இந்தப் பொண்ணுக்கு இருக்கறதே ரெண்டு சேலை. முன் ரூமைப் பாத்துட்டு அவன் திரும்பறதுக்குள்ள, அதே சேலையைப் பின்பக்கமா கொண்டாந்து அடுத்த ரூம்ல போட்டுடும்! நாலு குடும்பம் கீதுன்னு எழுதிக்கினு போவான். நாளைக்குக் காலைல கூட வர்றான்."

நயினார் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். நாலு அறையும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன.

தெருவுக்குப் பாய்ந்து கைவண்டியின் குறுக்கே நின்றார். அண்டாவைத் தன் தலையிலேயே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"தாயீ ஜீனத்து, அந்தச் சேலையை எடும்மா! ரஷீது, சுத்தியலைக் கொடு."

நாலு அறையிலும் 'டக் டக்'கென்று சத்தம். பொட்டலம் காலியாயிற்று. நயினார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மீதிச் சுவரைப் பார்த்தார்.

"எட்டு போதுமாடே? எதுக்கும் இன்னும் நாலு அடிச்சு வைப்போமா?"