பூரியின் பூர்வீகம்

"அந்த ஆளு இன்னிக்கும் வந்துட்டான்!"

ஜன்னலை விட்டு நகராமல், பக்கத்து வீட்டு மரியாவுக்குப் போன் போட்டாள் ருக்மிணி. காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எந்த ஆளு?"

"அதான், ஒரு வாரமா நம்ம தெரு நாய்ங்களை விசாரிச்சுக்கிட்டே திரியுறானே! நேத்து உன்கிட்ட என்ன கேட்டான்?"

"ஜானியைப் பத்திக் கேட்டான். வளர்த்தவங்க வீடு காலி பண்ணிட்டு அதை இங்கியே விட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னேன். ரோஸி மேல ஆட்டோ ஏறிக் கால் போனதைச் சொன்னேன். பாவம்னான்."

"அப்புறம்?"

"எந்த நாய் எதைக் கண்டா பயப்படும்னு கேட்டான்."

"பார்த்தியா! திருட வர்றவன் முதல்ல நாயைத்தான் கைக்குள்ள போட்டுக்குவான். நீயும் வெகுளியா எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கே!"

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் அந்தத் தெருவுக்கு மட்டும் கேமரா கிடையாது. ருக்மிணி இருந்ததால் யாரும் மாட்டவில்லை.

பீரோ பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். டீக்கடை நரேஷைத் துணைக்கு அழைத்தாள்.

"சும்னே விடக்கூடாதுக்கா," என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி, அவனும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

அந்த ஆள் தரையில் குந்தி, ஒரு செவலை நாய்க்கு பிஸ்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இது பேரு பூரிதானே?" என்றான் நரேஷைப் பார்த்து.

"ஆமா, கடையில மிஞ்சின பூரியைத் தின்னே வளந்துச்சு..."

நரேஷை ருக்மிணி முறைத்தாள்.

"நாய்ப் புராணம் இருக்கட்டும். பையில என்னப்பா? திற!"

அவன் தயங்கினான். அது போதாதா? நரேஷ் பையைப் பிடுங்கி உதறினான். மடக்கி வைத்த வெள்ளைக் குச்சி ஒன்று கீழே விழுந்தது.

"இதால யாரு மண்டையை உடைக்கப் போறே?" என்றாள் ருக்மிணி.

"என் ஒய்ஃப் லாவண்யாவோடதும்மா. அவளுக்குக் கண்ணு தெரியாது."

நரேஷ் பையை மெல்ல அவனிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நான் ஹரிஷ்குமார். ஞாயித்துக்கிழமை பின்தெருவுக்குக் குடி வர்றோம். பொம்மனஹள்ளியில இருந்தப்ப, இந்தக் குச்சியைப் பார்த்து ஒரு நாய் அவ மேல பாஞ்சிடுச்சு. விழுந்து கை ஒடஞ்சுது. அதுலேருந்து வீட்டை விட்டு இறங்கவே பயந்தா. இப்பதான் மறுபடி வேலைக்குப் போறேன், தனியாத்தான் போவேன்னு கிளம்பியிருக்கா. பஸ் ஸ்டாப்புக்கு இந்தத் தெரு வழியாத்தான் போகணும். அதான் இதுங்களைக் குச்சிக்குப் பழக்குறேன்."

குச்சியை எடுத்து நீட்டி, தரையில் தட்டிக் காட்டினான். பூரி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"முதல் நாள் இது குச்சியைப் பார்த்ததுமே அலறிடுச்சும்மா. யாரோ தினம் அடிச்சிருக்காங்க. யாருன்னுதான் தெரியல."

"வாயில்லா ஜீவனை அடிக்க எப்படித்தான் மனசு வருதோ!" ருக்மிணிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது. "உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் தம்பி. லாவண்யா தைரியமா வரட்டும். நானும் பழக்குறேன், குடுங்க."

குச்சி அவள் கைக்கு வந்ததுதான் தாமதம். பூரி வீலென்று கத்திக்கொண்டு ஓடி, ஹரிஷ்குமாரின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.