பதின்மூன்றாவது வெங்காயம்

எங்கிருந்து வந்தது இது?

கல்லூரியில் நிரப்பக் கொடுத்த படிவமும் அதையேதான் கேட்டது. தொழில் தொடங்கும் தன்னம்பிக்கை உங்களுக்கு எதனால் வந்தது? குடும்பம். ஆசிரியர்கள். கல்லூரிப் பயிற்சி. பரிசுகள். ஒன்றை டிக் செய்யவும்.

அவள் பேனாவை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் நிறுத்திப் பார்த்தாள்.

பரிசுகளா? சின்ன வெங்காயத்துக்குத் தலையும் வாலும் நறுக்கும் அவளுடைய மிஷினுக்கு இரண்டு கோப்பைகள் கிடைத்திருந்தன. மேடையில் பன்னிரண்டு வெங்காயம் ஓட்டிக் காட்டினாள். பன்னிரண்டும் ஒரே அளவில் அவளே பொறுக்கி வைத்தவை.

கைதட்டலின்போது பதின்மூன்றாவதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

போன வாரம் மிஷினை ராமாத்தாள் அக்கா நடத்தும் மெஸ்ஸுக்குக் கொண்டுபோனாள்.

"வெச்சுட்டுப் போ கண்ணு."

கையில் இரண்டு போண்டாவும் கொடுத்தார். படிக்கிற பிள்ளை பாவம் என்று வாங்கிக்கொள்கிறார், சாக்கைப் போட்டு மூடிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

இன்று காலை போன் வந்தது.

"ஏனுங்க, மிஷினு குடுத்தவிங்கதானுங்களா? கொஞ்சம் பெருசா இருக்கற வெங்காயமெல்லாம் நசுங்குது. அருவாமனைய எடுத்துப் பரண்ல போட்டாச்சு. சமையலுக்கு முன்னால வந்து பாக்கறீங்களா, இல்லீங்களா?"

அதே அக்காதான். அந்தக் 'கண்ணு' எங்கே போயிற்று?

அவளை இதுவரை யாரும் 'ங்க' போட்டுத் திட்டியதில்லை.

வயிற்றுக்குள் ஏதோ கனமாக வந்து உட்கார்ந்தது. பயம் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தாள். பயம் இப்படி அசையாமல் இருக்காது.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பயிற்சி நடத்தும் திருமூர்த்தி சார் மேசையருகே வந்து குனிந்தார். "பயிற்சின்னு போட்டுரும்மா. மத்தியானம் ஆய்வுக் குழு வருது. மிஷினையும் கொண்டாந்து கண்ணாடி அலமாரில வெச்சுரு. சென்னைப் போட்டிக்கு உன் பேரத்தான் அனுப்பப் போறேன்."

சென்னை. இரண்டு வருடமாக அவள் காத்திருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. மெஸ்ஸில் பன்னிரண்டுக்குச் சாம்பார் இறங்க வேண்டும். பிளேடுக்கு அடியில் எதையாவது செருகி ஓர் அட்டைக் கனம் தூக்கினால் வெங்காயம் நசுங்காது.

"இல்லீங்க சார்," என்றாள். "அது வேலைல இருக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். டிக் செய்யாத படிவத்தை இரண்டாக மடித்தாள். விரலிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு நான்காக மடித்தாள்.

இன்றைய சமையலுக்குத் தாங்கும்.