சந்திரகுமார் சுற்றிய கொயில்

வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் இன்கியுபேட்டரின் பிளக்கைக் கழற்றி இரண்டு நாளாகிவிட்டது. உள்ளேயிருந்த வெப்பமானி இன்னும் முப்பத்தேழு பாகை காட்டியது. அங்கு வேலை செய்யும் துஷாந்தினி, கருவிகள் திருத்தும் சந்திரகுமாரை அழைத்தாள்.

"சூடாக்கிற கம்பிச்சுருள், அந்தக் கொயில், நான் கையால சுத்தினது, தங்கச்சி. நான் சுத்தின ஒண்டும் பழுதெண்டு திரும்பி வந்ததில்லை," என்றார் அவர்.

திறந்து பார்த்தார். கொயில் நடுவில் அறுந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. அதை வெளியே எடுத்ததும் இன்கியுபேட்டர் ஆறத் தொடங்கியது. புதியதைப் பூட்டிவிட்டு, பழையதை வழமைபோல அவளிடம் காட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

கொட்டாஞ்சேனை போகும்வரை மடியிலிருந்த பை இளஞ்சூடாகவே இருந்தது. வீட்டில் இரு துண்டுகளுக்கும் நடுவே வெப்பமானியை வைத்தார். மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டுத் துஷாந்தினிக்குப் போன் எடுத்தார்.

"முப்பத்தேழுதான், தங்கச்சி. அரைப் பாகைகூடப் பிசகேல்லை. நான் சுத்தினதெல்லோ!"