ரெண்டு கிலோ கூட

தன் கடையில் வத்தல் மூட்டை நிறுக்கிற தராசில் மகனுடைய பையை ஏற்றினார் தனுஷ்கோடி. சூர்யபிரகாஷ் சுவிட்சர்லாந்துக்குப் போகிறான். அங்கே காலைப் பலகையில் பூட்டிக்கொண்டு பனிமலை உச்சியிலிருந்து சறுக்கப் போகிறானாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

"ரெண்டு கிலோ கூட இருக்கேப்பா! பிளேன்ல ஏத்த மாட்டானே. நேத்து சரியாத்தானே இருந்துச்சு?"

"அப்பப் பலகைய வச்சிட்டுப் போலே. சும்மா பனியப் பாத்துட்டு வா."

"பலகை இல்லாம அங்கன எனக்கு என்ன வேலை?"

அவன் பையைத் திறந்து ஹெல்மெட், முட்டிக் கவசம், முதுகுக் கவசம் எல்லாவற்றையும் உருவி அப்பா கையில் திணித்தான். எடை சரியாகிவிட்டது.

"ஏலே, தலைக்கு மாட்டுறதுலே இது!" அவர் ஹெல்மெட்டை அவனிடமே நீட்டினார்.

"பனி பஞ்சு மாதிரி இருக்கும்ப்பா. பயப்படாதீக."

அவன் ஏறிய கார் தெருமுனை திரும்பி மறைந்தது. ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவர் நின்றார்.

கடைக்குள்ளிருந்து எடை போடும் சங்கிலிமுத்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ரெண்டு கிலோ எடைக்கல்லக் காணோமே? காலையில பையில இருந்த தம்பியோட பூட்ஸத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தீகளே, அப்ப உங்க கையிலதான இருந்துச்சு?"