சார்ட்டில் என் கையெழுத்து

“மரகதம், மூணாம் பெட்டுக்கு ஊசி போட்டுட்டேன்டி. சார்ட்ல நீ கையெழுத்துப் போட்டுடு, ஹெப்பகோடி பஸ் போயிடும்.”

“ஓடுடி, நான் பார்த்துக்கறேன்.”

எட்டு வருடத்துக்கு முன், வார்டில் சங்கமித்ராவும் நானும் பேசியது இது. இன்று அவள் நர்சிங் ஸ்கூலில் டீச்சர். என்னையும் இங்கே சேர்த்துவிட்டது அவள்தான். பிரியத்தில் செய்தாள் என்றே நம்பியிருந்தேன்.

வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்று, அவள் பாடம் நடத்துவதைக் கேட்டேன்.

“ஊசி போட்டவங்கதான் கையெழுத்துப் போடணும். என்கூட வேலை பார்த்த ஒருத்தி மருந்தை மாத்திப் போட்டுட்டா. பேஷண்ட் பிழைச்சதே பெரிசு. சார்ட்ல அவ கையெழுத்து இருந்துச்சு, மாட்டிக்கிட்டா. வேலை போச்சு.”

“பாவம் மேடம். இப்ப எங்கே இருக்காங்க?”

“எங்கேயோ நல்லாத்தான் இருப்பா.” அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் போனேன்.

“என்ன ஆயாம்மா?” என்றாள் ஒரு மாணவி.

நேராக சங்கமித்ராவின் மேஜையருகே போய் நின்றேன்.

“சங்கமித்ரா, அந்த ஊசியைப் போட்டது யாருன்னு இந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்லுடி.”