சில்வர் தூறல்

"இது காரா, புள்ளிமானாய்யா?"

பாக்கியநாதன் போட்ட சத்தத்தில் தில்லை நகர் குறுக்குத் தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. ஓய்வுபெற்ற தாசில்தார். ஏழு வீடு கொண்ட அபார்ட்மெண்டுக்கு இப்போது செயலாளர். கார் வாங்கி நாற்பது நாள்தான் ஆகிறது. கருநீலம். அதன் கூரை, பானெட், கண்ணாடி எங்கும் ரவையைத் தூவியதுபோல் வெள்ளிப் புள்ளிகள்.

பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டுக்கு முந்தின நாள் ஸ்ப்ரே மிஷின் வைத்து சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் துறையூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பூட்டிய கேட்டுக்கு முன்னால் பெயிண்ட் கறைச் சட்டையோடு நின்ற பிச்சமுத்துதான் கையில் அகப்பட்டான்.

"கண்ணை எங்கய்யா வச்சிருந்தே? வண்டி மேல ஒரு தார்ப்பாய் போடணும்னு தோணாதா?"

பிச்சமுத்து குனிந்து பானெட்டைப் பார்த்தான். "காத்துல வந்து உக்காந்திருக்குங்க சார். மன்னிச்சிடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு புள்ளி இல்லாம எடுத்துத் தரேன்."

"எடுக்கலேன்னா போலீஸ்தான். அடுத்த மாசம் எங்க பில்டிங் முழுக்க பெயிண்ட் அடிக்கணும். நல்ல ஆளாத் தேடிக்கிட்டிருக்கேன். உன்னை மாதிரி ஒருத்தன் வந்தான்னா ஏழு வீட்டு வண்டியும் புள்ளிமான்தான்!"

மூன்று மாடி, சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி. இரண்டு மாத வேலை. பிச்சமுத்து மொட்டைமாடிவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

பாக்கியநாதன் உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தார். "இந்தா தின்னர். துடை."

"ஐயோ, வேணாங்க. புள்ளியோட சேர்த்து வண்டி பெயிண்டும் வந்துடும். கார் சாமான் விக்கிற கடையில ஒரு களிமண்ணு கிடைக்கும், கட்டியா, சோப்பு மாதிரி. அது வாங்கிக் கொடுங்க. மீதி என் பாடு."

களிமண் வந்தது. கைக்கு ஆள் வேண்டுமென்று பெண்டாட்டிக்குப் போன் போட்டான். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வீரம்மாள் வந்து சேரும்போது அவன் பாதிக் கூரையை முடித்திருந்தான்.

"கேட்டுக்கு அடிச்சியா, காருக்கு அடிச்சியா?" என்றாள் வந்ததும் வராததுமாக, பளபளத்த பக்கத்துக் கேட்டையும் காரின் புள்ளிகளையும் பார்த்து.

"சோப்புத் தண்ணிய ஊத்து. நான் தேய்க்கத் தேய்க்க நீ துடைச்சுக்கிட்டே வா."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூணு வாரமா வேலையே இல்லேன்னு என்கிட்ட அழுதே. இங்க கள்ளத்தனமா கேட்டு அடிச்சிருக்கே. கூலி எங்கய்யா? எந்தக் கடையில கொடுத்துட்டு வந்தே?"

"வேலையப் பாரு. அப்புறம் பேசலாம்."

"பேசுறேன். வீட்டுக்கு வா, நல்லாப் பேசுறேன்."

ஈரத்தில் களிமண் வழுக்கிக்கொண்டு ஓடியது. அழுத்தினால் கீறல் விழும். அழுத்தாவிட்டால் புள்ளி அசையாது. கோபத்தில் வீரம்மாள் ஒரு கட்டியைக் கீழே போட்டாள். எடுக்கப் போனவள் கையை அவன் தட்டிவிட்டான்.

"தொடாதே. மண்ணு ஒட்டியிருக்கும். அதால தேய்ச்சா கோடு கோடா விழுந்துடும். இந்தா, வேற பிச்சுக்க."

"கேட்டு அடிக்கும்போது எங்க போச்சு இந்த அறிவு?" என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாக்கியநாதன்.

"நல்லாக் கேளுங்கய்யா" என்றாள் வீரம்மாள்.

உள்ளேயிருந்து டீ கொண்டுவந்த ரோசம்மாள் புருஷன் பாக்கியநாதனை முறைத்தாள். "வெயில்ல நின்னு தேய்க்கிறாங்க. கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்."

நாலரை மணிக்கு வண்டி காய்ந்தது. பிச்சமுத்து ஒரு பாலிதீன் பையைக் கேட்டு வாங்கி பாக்கியநாதனின் கையில் மாட்டினான்.

"கண்ணை நம்பாதீங்க சார். பையோட தடவிப் பாருங்க. ஒத்தப் புள்ளி இருந்தாலும் நெருடும்."

அவர் கூரையைத் தடவினார். பானெட்டை, நாலு கதவை, கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார். கை எங்கேயும் நிற்கவில்லை. கூரையில் ரோசம்மாளின் முகம் தெரிந்தது. அதற்கு மேலே தென்னை மரமும் தெரிந்தது.

"போலீஸ்னு சொன்னது ஒரு கோபத்துல சொன்னதுப்பா" என்று தொண்டையைச் செருமினார். "எத்தனையோ பெயிண்டரைப் பார்த்துட்டேன். தப்பு பண்ணிட்டு போனை அணைச்சுடுவானுங்க. நீ ஒருத்தன்தான் நின்னே. திங்கக்கிழமை வந்து பில்டிங்கை அளந்துக்க. வேலை உனக்குத்தான். ஆனா ஒண்ணு, மிஷின் கூடாது. பிரஷ்லதான் அடிக்கணும்."

"என்கிட்ட பிரஷ்தாங்க இருக்கு" என்று கும்பிட்டான் பிச்சமுத்து.

தெருமுனை திரும்புகிறவரை வீரம்மாள் பொறுத்தாள். திரும்பியதும் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரு வேணா உன்னை யோக்கியன்னு சொல்லட்டும். கேட்டு அடிச்ச கூலியை என்ன பண்ணே? சொல்லிட்டு பஸ் ஏறு."

பிச்சமுத்து சிரித்தான்.

"அந்த பில்டிங்குக்குப் பெயிண்டர் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டு நான் இந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சதே இன்னைக்குக் காலையிலதான் புள்ளே. அந்தக் கேட்டை அடிச்ச மகராசன் யாரோ, எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்!"